பச்சை ஒளியும் உயர்கோபுர விளக்கும்

அன்புள்ள மாமாவுக்கு,

போனில் இதைத் தொடங்கினாலே நீங்கள் சிரித்துவிடுகிறீர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

பகலில் வெயில் ஆக்ஸிஜனை அணுக்களாக உடைக்கிறது. இருட்டிய பிறகு, நூறு கிலோமீட்டர் உயரத்தில் அந்த அணுக்கள் மறுபடி சேரும்போது மெல்லிய பச்சை ஒளி பிறக்கிறது. கண்ணுக்கு எளிதில் தெரியாத அந்த ஒளியைத்தான் என் கேமரா இரண்டு வருடமாக நம் வீட்டு மொட்டைமாடியிலிருந்து படம் பிடித்தது. இன்னும் எட்டு மாதப் படங்கள் கிடைத்தால் என் ஆய்வேடு முடிந்துவிடும்.

போன மாதம், உங்கள் அப்பா நினைவாக நீங்கள் குவைத்திலிருந்து ஏற்பாடு செய்த உயர்கோபுர விளக்கை நம் தெருமுனையில் நட்டார்கள். அன்றிலிருந்து என் படங்கள் எல்லாம் வெறும் வெள்ளை.

தினமும் இரண்டு மணி நேரம் அணைக்க முடியுமா என்று ஊராட்சித் தலைவரிடம் கேட்டேன். "ஒங்க வீட்டுக்காரரு குடுத்த லைட்டுங்க. அவரு ஒரு வார்த்தை சொன்னா அணைச்சுருவோம்" என்றார். அத்தையோ, "எம் மவன் அப்பனுக்கு வச்ச வெளக்க அணைக்கச் சொல்றியாக்கும்?" என்று கேட்டுவிட்டு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. உங்களிடம் மூன்று முறை கேட்டேன். "வானம் எங்கிட்டு ஓடிறப் போவுது, அப்பறம் பாத்துக்கலாம்" என்றீர்கள்.

நேற்று கேமராவைக் கழற்றிக்கொண்டு வல்லத்திராக்கோட்டைக்கு, அம்மா வீட்டுக்கு வந்துவிட்டேன். தோட்டத்தில் மோட்டார் அறைக்கு மேல் நல்ல இருட்டு. என் துணிகளையும் எடுத்து வந்திருக்கிறேன். "சண்டையா?" என்று அம்மா கேட்டாள். கேமராவுக்காகத்தான் வந்தேன் என்றேன். அதில் பாதி பொய் என்று இன்று காலையில்தான் எனக்கே தெரிந்தது.

அடுத்த லீவில் எந்த வீட்டுக்கு வருவீர்கள் என்று எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி