நூலகத்தில் நான் போட்ட கூச்சல்

அன்புள்ள குட்டிம்மாவுக்கு,

உடம்பளவில் இங்கே எல்லோரும் நலம். நீயும் மாப்பிள்ளையும் சுகம்தானே? அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, மாடியறை ஒழுகலையும் ஒருவழியாக அடைத்துவிட்டோம். இனி எழுதப்போவதைப் போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

போன வாரம் துவைக்கத் துணி எடுக்கும்போது உன் தம்பியின் பையில் தடிமனாக ஒரு பேனா இருந்தது. வரியின்மேல் நகர்த்தினால் அதுவே வாசித்துச் சொல்கிறது. காப்பியடிக்கத்தான் வைத்திருக்கிறான் என்று நானே முடிவு கட்டி, அதில் கல்லூரி நூலக முத்திரையைப் பார்த்ததும் நேரே அங்கே போய் நின்றேன். கவுண்டரில் இருந்த பெண் எழுந்து என் பக்கத்தில் வந்து, "டிஸ்லெக்சியான்னு, எழுத்து குழம்பித் தெரியுற பிள்ளைங்களுக்கு நாங்களே இரவல் குடுக்கிறதும்மா. மத்தத உங்க பையன்கிட்டயே கேளுங்க" என்று காதோடு சொன்னாள். அவன் மெதுவாகப் படிப்பதைச் சோம்பல் என்றுதானே நாம் நினைத்திருந்தோம்! எனக்கு எங்கிருந்துதான் அந்த ஆங்காரம் வந்ததோ, அவன் பெயரைச் சொல்லி, என் மகனுக்கு அப்படி ஒரு கோளாறும் கிடையாது என்று கத்திவிட்டுப் பேனாவை மேசையில் வைத்தேன். திரும்பினால் வரிசையில் அவன் வகுப்புப் பிள்ளைகள். கடைசியில் அவன். அவள் காதோடு சொன்னதை நான் ஊருக்கே தண்டோரா போட்டிருந்தேன்.

வீட்டில் அவன் சண்டை போடவில்லை. "என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேம்மா" என்றான், அவ்வளவுதான். மறுநாள் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு போய்க் கேட்டால், பேனா வேறொரு மாணவியிடம் போயிருந்தது. கவுண்டர் பெண் முகம் சுளிக்காமல், திரும்பி வந்ததும் அவனுக்கு எடுத்து வைப்பதாகவும், அதுவரை வீட்டில் யாராவது பாடத்தை வாசித்துப் பதிவுசெய்து தரலாம் என்றும் சொன்னாள்.

பரீட்சை நெருங்குவதால் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு போனில் வாசிக்கிறேன். முதல் பாடத்தைக் கேட்டவன், "நீ வாசிச்சா பொருளாதாரமே என்னைத் திட்டுற மாதிரி இருக்கு, அக்காவப் பாதி வாசிக்கச் சொல்லு" என்கிறான். பக்கங்களைப் படமெடுத்து அனுப்புகிறேன், வாசித்து அனுப்பு கண்ணு. நேரில் மன்னிப்புக் கேட்க எனக்கு முகமில்லை. நேற்று இரண்டாம் பாடம் முடிந்தும் பதிவை நிறுத்தாமல் அதைச் சொல்லிவிட்டேன். இன்று காலை, "கடைசி வரி புத்தகத்துல இல்லியேம்மா" என்றான். சிரித்தானா என்று நிமிர்ந்து பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை.

நீங்கள் இருவரும் நோய்நொடி அண்டாமல் மனநிறைவோடு வாழ வேண்டும். வாசிக்கும்போது வழக்கம்போல வேகமாக ஓட்டாதே.

உன் அம்மா