பாட்டிலுக்கு மட்டும் காய்ச்சிய தண்ணீர்

அன்பு மகள் சின்னவளுக்கு அப்பா எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் நலம். நீயும் மாப்பிள்ளையும் அங்கே நலமாகத்தான் இருப்பீர்கள், இருக்க வேண்டும். வழக்கமாக இந்த வரியை யோசிக்காமல் எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவேன், இன்றைக்கு நலம் என்று எழுதும்போதே கை கூசுகிறது, ஏனென்றால் இந்தத் தெருவில் வயிற்றுக்கு ஒன்றும் வராமல் நலமாக இருப்பது நம் வீடு மட்டும்தான். அது ஏன் என்று ஞாயிற்றுக்கிழமை போனில் உன்னிடம் சொன்னேன், நீ ஒரு பதில் சொன்னாய், நான் பட்டென்று போனை வைத்துவிட்டேன். சிக்னல் போய்விட்டது என்று நினைத்து நாலு தடவை திரும்பக் கூப்பிட்டிருக்கிறாய். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது, போனது என் பொறுமை. போனில் பேசினால் ஒன்று கத்துவேன், இல்லையென்றால் அழுதுவிடுவேன், இரண்டுமே இந்த மீசைக்குப் பொருந்தாது, அதனால் எழுதுகிறேன். எட்டாம் வகுப்பைத் தாண்டாதவன் எழுத்து, பிழை இருந்தால் திருத்திப் படி, விஷயத்தை மட்டும் திருத்தாதே.

அடுத்த மாதக் கூட்டத்தில் வெளியிடப் போகிற புத்தகத்தின் மாதிரிப் பிரதி என்று நீ வேலை பார்க்கிற டிரஸ்டிலிருந்து போன வியாழக்கிழமை ஒன்று வந்தது. நல்ல வழவழப்பான தாள், ஈ உட்கார்ந்தால் வழுக்கி விழும். அதில் ஒரு முழுப் பக்கத்துக்கு நான் நிற்கிறேன். டிரஸ்ட் கொடுத்த தொப்பி என் மண்டைக்குச் சின்னது, பானை மேல் கிண்ணத்தைக் கவிழ்த்த மாதிரி இருக்கிறது, கையில் தண்ணீர் டம்ளர், கடைவாய்ப் பல் வரைக்கும் தெரிகிற சிரிப்பு. பக்கத்தில் தண்ணீரைச் சுத்தம் செய்கிற நம் மெஷின். கீழே நீ எழுதியிருக்கிறாய், பதினேழு மாதச் சோதனையிலும் தண்ணீர் சுத்தம், இந்த ஊரில் இனி வயிற்று நோய் இல்லை என்று. படித்துவிட்டுப் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்தேன். அதே நாள் அதே தபால்காரர் நர்சம்மாவிடமும் உங்கள் டிரஸ்ட் கவர் ஒன்றைக் கொடுத்தார். மெஷினை ஒட்டின அறையில் திங்களும் வியாழனும் வந்து உட்கார்ந்து மருந்து கொடுக்கிறாரே, அவருக்கு. தண்ணீர் சுத்தமாகிவிட்டபடியால் இந்த ஊரில் வேலை முடிந்தது, மாதக் கடைசியோடு வேறு ஊருக்குப் போகவும் என்று அதில் இருந்தது. அவர் அதைப் படித்துவிட்டு வெளியே எட்டிப் பார்த்தார். வாசலில் பதினொரு பேர் உட்கார்ந்திருந்தார்கள், அதில் எட்டுப் பேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு. வேலை முடிஞ்சு போச்சாம், இவங்ககிட்ட யாரு சொல்றது, நீங்க சொல்றீங்களா ஐயா என்று என்னைக் கேட்டார். நான் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டு நின்றேன். அப்போதே சொல்லியிருக்க வேண்டும்.

போனில் அவசரத்தில் பாதி முழுங்கிவிட்டேன், முழுசாகக் கேள். நீ மேலே பேசி மெஷினை நம் ஊருக்குக் கொண்டுவந்தாய், அதற்கு இந்தத் தெருவே உன்னை வாழ்த்தியது, உன் புண்ணியத்தில் பஞ்சர் கடைக்காரன் பராமரிப்பாளர் ஆனேன். பத்து மாதம் தண்ணீர் கண்ணாடி மாதிரி வந்தது, அதில் பொய் இல்லை. பிறகு பில்டர் அடைத்துக்கொண்டது. தண்ணீர் நூல் மாதிரி இறங்கியது, ஒரு குடம் நிறைவதற்குள் வரிசையில் இரண்டு சண்டை. உங்கள் வட்டார அதிகாரி, மழையிலும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாதவர், ஜீப்பில் வந்தார். புது பில்டர் வர ஒரு மாசம் ஆகும் பெரியவரே, அதுவரைக்கும் அடைச்சதைக் கழட்டிட்டு குழாயை நேரா மாட்டி விடுங்க, தண்ணி நின்னா பேரு கெட்டுடும் என்றார். கழற்றியது நான். ஓடையோரக் கிணற்றிலிருந்து வருகிற குழாயை நேராகப் பொதுக் குழாயில் இணைத்து, சைக்கிள் ட்யூபை வெட்டி இறுக்கிச் சுற்றியது நான். ஒரு சொட்டு ஒழுகவில்லை. என் கைவேலையைப் பார்த்து நானே மெச்சிக்கொண்டேன், அந்த அளவுக்கு மடையன். அன்றிலிருந்து கிணற்றுத் தண்ணீர் அப்படியே மெஷினுக்குள் போய் அப்படியே வெளியே வருகிறது. மேலே பச்சை விளக்கு எரிகிறது, பலகையில் நேரடியாகக் குடிக்கலாம் என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது, ஜனங்கள் குடிக்கிறார்கள்.

அதற்கப்புறம் அந்தச் சோதனை பாட்டில் வந்தது. மாதா மாதம் குழாயில் பிடித்து மூடி ஒட்டி அனுப்புவோமே அது. இந்தத் தண்ணியை அனுப்பலாமா என்று கறுப்புக் கண்ணாடியைக் கேட்டேன். ஐயய்யோ, ரிசல்ட் சிவப்பா வந்தா மேல கேள்வி கேப்பாங்க, இந்த ஊரை லிஸ்ட்ல சேர்த்துவிட்டது உங்க பொண்ணு, முதல் கேள்வி அவங்களுக்குத்தான், இந்த ஒரு மாசம் மட்டும் வேற நல்ல தண்ணியா பாத்து ரொப்பி அனுப்பிடுங்க என்றார். உன் பெயரைச் சொன்னதும் எனக்கு மூளை வேலை செய்யவில்லை. வீட்டில் தண்ணீரை நன்றாகக் கொதிக்கவைத்து, ஆறவைத்து, பாட்டிலில் ஊற்றி அனுப்பினேன். ரிசல்ட் பச்சையாக வந்தது. தண்ணீர் நன்றாக இருக்கிறது என்று ரிசல்ட் சொல்லும்போது எந்த ஆபீஸ்காரன் பில்டர் அனுப்புவான்? அந்த ஒரு மாதம் ஏழு மாதமாயிற்று. முதல் தடவையே உன் அம்மா அடுப்படியில் நின்று பார்த்தாள். பாட்டிலுக்கு வென்னி வைக்கிறீங்க, தெருவுக்கு யாரு வைக்கிறது என்று கேட்டாள். நான் எரிந்து விழுந்தேன். அவள் அன்றிலிருந்து நம் வீட்டுக்குக் குடிக்கிற தண்ணீரைத் தனியாகக் காய்ச்சி மூடிவைக்க ஆரம்பித்தாள். நம் நலத்தின் ரகசியம் இதுதான். நானும் சும்மா இருக்கவில்லை என்று காட்டிக்கொள்ள இரண்டு பேரிடம் காய்ச்சிக் குடிச்சா உடம்புக்கு நல்லது என்று முனகிப் பார்த்தேன். போப்பா, உன் மக கொண்டுவந்த மெஷினை நீயே நம்பலையா என்று சிரித்தார்கள்.

நர்சம்மா மட்டும் விடவில்லை. யாருக்கு எந்தத் தேதியில் வயிறு கெட்டது என்று ஒரு நோட்டில் எழுதி மேலே அனுப்பிக்கொண்டே இருந்தார். உங்கள் ஆட்கள் அதற்கு என்ன செய்தார்கள் தெரியுமா? தண்ணீர் சுத்தம் என்று சோதனை சொல்கிறது, அப்படியென்றால் ஜனங்களுக்குத்தான் சுத்தம் போதவில்லை என்று முடிவு கட்டி, கை கழுவுவது எப்படி என்று சொல்லிக்கொடுக்க ஒரு பெண்ணையும் மைக்கையும் அனுப்பினார்கள். முப்பது தாய்மார்களை வெயிலில் உட்காரவைத்து, விரல் இடுக்கில் தேயுங்கள், நகத்தைத் தேயுங்கள் என்று ஒரு மணி நேரம். தையல்காரர் வீட்டு அம்மா எழுந்து, சரிம்மா தேச்சுக்கறோம், எந்தத் தண்ணில கழுவறது என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் எனக்கு என் வாயிலேயே ஒன்று போடலாம் போல இருக்கிறது.

தையல்காரர் பேத்தியை உனக்குத் தெரியாது, நீ போன பிறகு பிறந்தவள், நாலு வயது, என் கடைக்கு வந்து காற்றடிக்கிற பம்பில் குதித்துக்கொண்டே இருப்பாள். போன மாதம் அவளுக்கு வாந்தியும் பேதியும் நிற்காமல் போய், டவுன் ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் ட்ரிப் ஏற்றினார்கள். தினமும் நான் சைக்கிளில் கேனைக் கட்டிக்கொண்டு போனேன். நம் வீட்டில் காய்ச்சின தண்ணீர். கேனைப் பார்த்ததும் தையல்காரர் நம்ம மெஷின் தண்ணியா என்று கேட்டார், ஆமாம் என்று சொல்லிவிட்டேன். பிள்ளை தேறி வந்தாள். பாத்தியா, ஆஸ்பத்திரித் தண்ணியை விட நம்ம மெஷின் தண்ணிதான் அவளுக்கு ஒத்துக்குது என்று அந்த மனுஷன் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். வீட்டுக்குக் கூட்டிவந்தார்கள், ஒத்துக்கொள்கிற தண்ணீராயிற்றே என்று குடம் குடமாகப் பிடித்து அதையே கொடுத்தார்கள். நாலாம் நாள் மறுபடி ஆஸ்பத்திரி, இன்னும் அங்கேதான் இருக்கிறாள். இதைத்தான் உன்னிடம் போனில் சொன்னேன். நீ என்ன சொன்னாய்? அப்பா, ப்ளீஸ்ப்பா, இப்ப எதுவும் வாயைத் திறக்காதீங்க, கூட்டம் முடியட்டும், அப்புறம் நான் அமைதியா எல்லாத்தையும் சரி பண்ணிடறேன் என்றாய். சின்னவளே, கறுப்புக் கண்ணாடி சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது, நீ சொன்னதும் எனக்குப் பயம் வந்துவிட்டது. ஏழு மாதம் நான் எனக்குச் சொல்லிக்கொண்ட அதே வார்த்தை, பில்டர் வரட்டும், அப்புறம் சரியாகிவிடும் என்று. வேறு ஏதாவது நல்லதாகப் பார்த்து என்னிடமிருந்து எடுத்துக்கொண்டிருக்கக் கூடாதா நீ? வாரா வாரம் போன் பண்ணுகிறாய், சாப்பிட்டீர்களா, முட்டி வலி எப்படி, மாத்திரை இருக்கிறதா என்று ஒன்று விடாமல் கேட்கிறாய். தண்ணீரைப் பற்றிப் புத்தகம் எழுதுகிறவள், அப்பா தண்ணி நல்லா வருதா என்று ஒரு தடவை, ஒரே ஒரு தடவை கேட்டாயா? கேட்டிருந்தால் நான் உண்மையைச் சொல்லியிருப்பேன் என்று சத்தியம் பண்ண மாட்டேன், ஆனாலும் கேட்டிருக்க வேண்டும். உங்கள் ஆபீஸில் அத்தனை பேர் இருக்கிறீர்களே, ஒரு பக்கம் நர்சம்மா நோட்டில் ஊரே நோயாளி, இன்னொரு பக்கம் பாட்டிலில் தண்ணீர் அமிர்தம், இரண்டையும் ஒரே மேஜையில் வைத்துப் பார்க்க ஒருத்தருக்குமா தோன்றவில்லை? ட்யூபில் காற்று நிற்கவில்லை என்றால் தண்ணீரில் முக்கி ஓட்டை எங்கே என்று பார்ப்பேன், வண்டிக்காரனுக்கு ஓட்டத் தெரியவில்லை என்று வகுப்பு எடுக்க மாட்டேன்.

வாயைத் திறக்காதே என்றாய், திங்கட்கிழமை திறந்துவிட்டேன். நர்சம்மா அறை வாசலில் எல்லோரும் இருக்கும்போது எழுந்து நின்று சொன்னேன். பில்டர் இல்லாததை, பாட்டிலை, வெந்நீரை, கேனை, ஒன்று விடாமல் சொன்னேன். மெஷின்காரர் சும்மா தமாஷ் பண்றார் என்று ஒருத்தி சொன்னாள், அவ்வளவு காலம் நான் கோமாளியாகவே இருந்திருக்கிறேன். பிறகு அவர்களுக்குப் புரிந்தது. ஒருத்தர் என் சட்டையைப் பிடித்தார், நர்சம்மா நடுவில் வந்து விலக்கினார். தையல்காரர் பிடிக்கவில்லை, கத்தவில்லை. உங்க வீட்ல காய்ச்சித்தான் குடிச்சீங்க, இல்ல என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். எழுந்து போய்விட்டார். நேற்று அவர் சைக்கிளில் பின் சக்கரம் பஞ்சர், என் கடை வாசலோடு உருட்டிக்கொண்டே போனார், அந்தக் கோடியில் இருக்கிற இன்னொரு கடைக்கு. முப்பது வருஷமாக அந்தச் சக்கரத்தில் வேறு ஒருத்தன் கை வைத்ததில்லை. நான் கையில் ஸ்பேனரோடு பார்த்துக்கொண்டு நின்றேன்.

அன்றைக்கே பொதுக் குழாயை மூடிவிட்டேன், பலகையில் குடிக்காதீர்கள் என்று சிவப்புப் பெயிண்டில் எழுதினேன், எழுத்து கோணல், படிக்க முடிகிறது. காய்ச்ச வசதியில்லாத வீடுகளுக்கு அம்மா பெரிய அண்டாவில் காய்ச்சிக் கொடுக்கிறாள், என்னிடம் மட்டும் பேசுவதில்லை. இந்த மாதப் பாட்டிலை நர்சம்மாவும் இன்னும் ஐந்து பேரும் பார்க்க, மூடின குழாயைத் திறந்து உள்ளது உள்ளபடி பிடித்தேன். கறுப்புக் கண்ணாடி அதை வாங்க மாட்டேன் என்றார். நீங்களாப் பிடிச்ச தண்ணிக்கு நான் பொறுப்பில்ல பெரியவரே, உங்க பொண்ணு எதிர்காலத்தை நெனச்சுப் பாருங்க என்றார். நினைச்சு நினைச்சுத்தான்யா ஏழு மாசம் பாழாப் போச்சு என்றேன். ஜீப் தூசி கிளப்பிக்கொண்டு போயிற்று. நர்சம்மாவே பாட்டிலை டவுன் சோதனைச் சாலையில் கொடுத்தார், நேற்று ரிசல்ட் வந்தது, முழுக்கச் சிவப்பு. தாளைப் பார்த்ததும் அவர் கண்ணை மூடிக்கொண்டார். அதையும், அவர் நோட்டில் இருக்கிற எழுபத்து மூன்று பேரின் பட்டியலையும், ஏழு பாட்டில் அனுப்பின ஏழு தேதியும் போட்டு நான் கையெழுத்து வைத்த வாக்குமூலத்தையும் இந்தக் கவரில் வைத்திருக்கிறேன்.

இப்போது நீ செய்ய வேண்டியது. இந்த மூன்று தாளையும் உங்கள் தலைமை அதிகாரி மேஜையில் நீயே கொண்டுபோய் வை. அப்பா செய்ததை மகள் வாயால் சொல். இதே மெஷினை இன்னும் எட்டு ஊரில் வைக்கப் போவதாகப் புத்தகத்தில் போட்டிருக்கிறீர்கள், வைக்கட்டும், வேண்டாம் என்று சொல்ல நான் யார், நல்ல மெஷின்தான். ஆனால் அங்கேயும் ஒரு பில்டர் அடைக்கும், அங்கேயும் என்னை மாதிரி ஒரு அப்பாவோ அண்ணனோ பாட்டிலோடு நிற்பான், அதை யோசித்துவிட்டு வைக்கட்டும். முதலில் நர்சம்மா போகக் கூடாது. ஜுரமோ வயிற்று வலியோ என்று ஓடினால் இந்த ஊருக்கு அந்த ஒரு அறையும் அவரும்தான். அவரை எடுக்கச் சொன்னது நான் அனுப்பின பாட்டில், அதனால் அவர் பெட்டியைக் கட்டினால் அது என் கையால் கட்டினது. இருபத்தெட்டாம் தேதிக்குள் பதில் வராவிட்டால் இருபத்தொன்பதாம் தேதி வண்டியில் நான் கிளம்புகிறேன், டிக்கெட் எடுத்தாயிற்று. உங்கள் ஆபீஸ் வாசலில் யார் என்று கேட்டால் உன் அப்பா என்று சொல்ல மாட்டேன், பயப்படாதே, தண்ணீர் பிடித்து அனுப்பினவன் என்று மட்டும் சொல்வேன்.

உன் வேலை போகலாம். அது எனக்குத் தெரியாது என்று நினைக்காதே, இந்த வரியை எழுத ஒரு டீ ஆறிப்போகிற நேரம் ஆயிற்று. போனால் போகட்டும் என்று லேசாகச் சொல்ல என்னால் முடியாது, நீ படித்த படிப்பு எனக்குத் தெரியும். போய்விட்டால் கொஞ்ச நாள் இங்கே வந்து இரு. தெருவில் எல்லோரும் முகம் கொடுத்துப் பேசுவார்கள் என்று சொல்ல மாட்டேன், எனக்கே இன்னும் இல்லை.

கோபத்தில் உன்னைக் கொஞ்சம் அதிகமாகவே திட்டிவிட்டேன். அதில் பாதி எனக்கு உரியது, பிரித்து எடுத்துக்கொள். நீயும் மாப்பிள்ளையும் எந்தக் குறையும் இல்லாமல், நோய் நொடி இல்லாமல், நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும். அம்மாவும் அதையே சொல்லச் சொன்னாள், என்னிடம் நேராகச் சொல்லவில்லை, சுவரைப் பார்த்துச் சொன்னாள். மறக்காதே, இந்தக் கவரைப் பிரித்த அன்றைக்கே போய்ச் சொல்லிவிடு. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று படுத்தால் அன்றைக்கு நன்றாகத் தூக்கம் வரும், அடுத்த நாளும் வரும். எனக்கு ஏழு மாதம் வந்தது.

இப்படிக்கு,
உன் அப்பா