பாலைமுறிப்புக் கிறவல் றோட்டு

1963 செப்டம்பர் 16, திங்கள்

வெயில். இலை அசையவில்லை. விடியப் பார்த்தால் சைக்கிளின் பின் சில்லில் காற்றில்லை. ஒட்டுப் போட்டுவிட்டு றோட்டு இலாகாக் கந்தோர் போகப் பத்து நிமிடம் பிந்திவிட்டது.

இஞ்சினியர் கூப்பிட்டார். இந்த வருடம் ஒரு றோட்டுக்குத்தான் தார். கேட்டு நிற்பது இரண்டு. ஒன்று நெளுக்குளத்துப் பக்கம். மற்றது ஓமந்தையிலிருந்து மேற்கே காட்டுக்குள் போகும் பாலைமுறிப்புக் கிறவல் றோட்டு, வெறும் சரளை மண், நாலு மைல். "எது கூடப் பழுதோ அதுக்குத்தான் தார். ரெண்டையும் சைக்கிளிலை போய்ப் பாத்து, சனிக்கிழமைக்கு முதல் அறிக்கை தாரும், ஓவசியர்." றோட்டு மேற்பார்வை என் வேலை.

பாலைமுறிப்பை அவர் சும்மா ஒரு பேராகச் சொன்னார். அது என்னுடைய றோட்டு. ஞாயிறு தோறும் நான் சைக்கிள் ஓடுகிற றோட்டு. ஒருவருக்கும் சொன்னதில்லை; ஊர் தெரிய முதலே திரும்பிவிடுவேன். லொறி இல்லை, ஹோர்ண் இல்லை, மாட்டு வண்டில் ஒன்று வந்தாலே அதிசயம். கண்டி றோட்டில் போன மாதம் ஒரு லொறிக்காரன் என்னை றோட்டோரக் கானுக்குள் தள்ளிவிட்டுச் சிரித்துக்கொண்டு போனான். முழங்கை இன்னும் மடங்குவதில்லை. குவாட்டர்ஸில் நாலு பேர். ஒருவர் குறட்டை, ஒருவர் சோதனைக்குச் சத்தம் போட்டுப் படிப்பு. எனக்கு மண்டை ஆறுகிற இடம் அந்த நாலு மைல்தான். தார் போட்டால் அங்கும் லொறி வரும்.

பின்னேரம் தேத்தண்ணிக் கடையில் காசிம் நானா. சைக்கிள் கரியரில் சீத்தைத் துணி கட்டிக் குடியேற்றத் திட்டங்களுக்குக் கொண்டுபோய் விற்கிறவர். வியாழக்கிழமை பாலைமுறிப்புக்கு அளக்கப் போகிறேன் என்று சும்மா கதையோடு கதையாகச் சொன்னேன். "நான் இப்ப அங்கைதான் போறன்" என்றார்.

மறக்கக் கூடாதது: அம்மாவுக்குக் கடிதம். பிறேக் கட்டை. சவர்க்காரம்.

18, புதன்

நெளுக்குளம். என் வழக்கப்படி முன் சில்லுக் கம்பியில் சிவப்புத் துணி. அது 720 தரம் சுற்றினால் ஒரு மைல். நூறுக்கு ஒரு புளியங்கொட்டை, இடப் பையிலிருந்து வலப் பைக்கு. ஆட்கள் பார்த்துச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், அளவுச் சங்கிலி பிடிக்க இரண்டு பேர் தர மாட்டார்களாம்.

பள்ளம் உண்டு. ஒன்றுக்குள் எருமை. நான் மணி அடிக்க, அது என்னைப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடியது. மூன்று லொறி. வாய்க்குள் புழுதி. பழுதுதான், ஆனால் மாரி மழையிலும் வண்டி போய்வரும்.

கடிதம் எழுதவில்லை.

19, வியாழன்

மந்தாரம். ஆறு மணிக்கு ஓமந்தையிலிருந்து வெளிக்கிட்டேன். இரண்டு பக்கமும் பாலை, வீரை மரங்கள். றோட்டில் யானை லத்தி, பழையது.

முதல் மேடு ஏறும்போதே ஏதோ வித்தியாசம். சில்லு குலுங்கவில்லை. இறங்கிப் பார்த்தேன். பள்ளமெல்லாம் நிரப்பி, கிறவல் போட்டு, மிதித்து, மேலே விளக்குமாற்றால் கூட்டியிருந்தது! காட்டு றோட்டைக் கூட்டியிருக்கிறார்கள். எண்ணிக்கை தவறிப்போனது. திரும்பவும் அடியிலிருந்து எண்ணினேன்.

பாலைமுறிப்பு வாசலில் மாவிலைத் தோரணம், நிறைகுடம். யாழ்ப்பாணத்திலிருந்து குளத்தடிக்கு வந்து வயல் செய்கிற நாற்பது குடும்பமும் வரிசையாக நின்றது. எனக்குச் சைக்கிளை எங்கே சாத்துவது என்று தெரியவில்லை.

காசிம் நானா சொல்லியிருக்கிறார். முன்னுக்கு நின்று கதைத்தவர் பூமணி அக்கா. நாற்பது வயது இருக்கும், மண்வெட்டி பிடித்த கை.

"ரெண்டு நாளா ஒருத்தரும் வயலுக்குப் போகேல்லை, ஐயா. வண்டிலிலை கிறவல் ஏத்தினம், பொம்பிளையள் நாங்கள் கடகத்திலை சுமந்தம். பொம்பிளை பாக்க வரேக்கை வீட்டைக் கூட்டாமல் விடுவமே? றோட்டு வடிவா இருந்தால்தானே உங்களுக்கும் தார் போட மனம் வரும்?"

பழுதான றோட்டுக்குத்தான் தார் என்று அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். வாய் திறந்தது. தேத்தண்ணி வந்தது. குடித்தேன்.

திரும்பும்போது வாய்க்கால் மதகடி வரைக்கும் கூட வந்தார். "போன கார்த்திகை என்ரை தங்கச்சி இதிலைதான் போனவள். வயித்திலை பிள்ளையோடை. வண்டில் சில்லு புதைஞ்சு போச்சு. எல்லாரும் பிடிச்சு இழுத்தம், அசையேல்லை. ஆஸ்பத்திரி காணேல்லை அவள்." அழவில்லை. மதகில் படிந்த மண்ணைக் காலால் தட்டிவிட்டுக்கொண்டே சொன்னார். நான் ஹாண்டிலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பிறகு மேட்டிலிருந்து இறக்கம். நான் பிறேக்கைத் தொடவில்லை. இப்படி ஒரு ஓட்டம் என் வாழ்க்கையில் ஓடினதில்லை. சந்தோசம். வெட்கம். உண்மையைச் சொன்னால் சந்தோசம்தான் கூட.

20, வெள்ளி

அறிக்கை எழுதிவிட்டேன். "பாலைமுறிப்பு: பள்ளம் இல்லை. நல்ல நிலை. உடனடி வேலை தேவையில்லை." கண்டதைத்தான் எழுதினேன். ஒரு சொல் பொய்யில்லை.

தலைமைக் கிளாக்கர் வாங்கிப் பார்த்தார். "சொன்ன நாளுக்கு முதல் அறிக்கை தந்த ஓவசியரை இண்டைக்குத்தான் காணுறன், தம்பி."

மத்தியானம் சோற்றுக்குப் போகவில்லை. செயின் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவினேன். பூட்டினேன். திரும்பக் கழற்றினேன். "என்ன, சைக்கிளுக்கு வருத்தமோ?" குறட்டைக்காரர்.

பின்னேரம் தூறல், ஐந்து நிமிடம். அந்த மண் மணத்தோடு எனக்கு எல்லாம் வெளித்தது. உருளை போடாமல் காலால் மிதித்த கிறவல். முதல் பெருமழைக்கே ஓடிவிடும். அது ஓவசியருக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்? நல்ல நிலை என்று எழுதினேனே. என் ஞாயிற்றுக்கிழமைக்காக எழுதினேன். தூ.

21, சனி

அரை நாள் கந்தோர். போன உடனே அறிக்கையைத் திருப்பிக் கேட்டேன். ஏற்கனவே இஞ்சினியர் மேசையில்.

உள்ளே போனேன். "பிழையா எழுதிப்போட்டன், ஐயா. அது சனம் நிரப்பினது. மழைக்கு நிக்காது."

கண்ணாடியைக் கழற்றினார். "நேற்று நல்லது, இண்டைக்குக் கூடாதோ? என்ன விளையாட்டு, காணும்? திங்கட்கிழமை நானே ஜீப்பிலை வாறன். ஜீப் குலுங்காமல் ஓடினால் நெளுக்குளத்துக்குத்தான் தார். கண்டதுக்குத்தான் நான் கையெழுத்து வைப்பன்."

வெளியே வந்து விரலில் எண்ணினேன். இரண்டு நாள். நாலு மைல்.

22, ஞாயிறு

வெயில். ஞாயிறுதான், வேறு ஞாயிறு.

குளக்கட்டில் எல்லாரையும் கூப்பிட்டுச் சொன்னேன். வடிவான றோட்டுக்குத் தார் இல்லை. பழுதானதுக்குத்தான். நாளைக்கு ஜீப் வருகிறது. நிரப்பினதைக் கிண்டி எடுக்க வேண்டும்.

பின்னுக்கு நின்ற ஒருவர்: "நாங்கள் போட்டதை நாங்களே கிண்டுறதோ? இதென்ன விசர்க் கதை!"

பூமணி அக்கா என்னையே பார்த்தார். "அண்டைக்கு வந்தனீங்கள்தானே. தேத்தண்ணியும் குடிச்சனீங்கள். அண்டைக்கே ஏன் சொல்லேல்லை?"

வேறு காரணம் ஒன்று தேடினேன். கிடைக்கவில்லை. "இந்த றோட்டிலை லொறி வரக்கூடாது எண்டு நினைச்சன், அக்கா. எனக்குச் சைக்கிள் ஓட."

"ஓடவோ?"

"ஓம்."

"எங்கை போக?"

"ஒரு இடமும் போக இல்லை. சும்மா ஓட."

யாராவது சிரித்திருந்தாலும் நன்றாக இருந்திருக்கும். சிரிக்கவில்லை. பூமணி அக்கா என் சைக்கிளை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். தன் மண்வெட்டியை என் கையில் தந்தார்.

"அப்ப முதல் வெட்டு நீங்கள் வெட்டுங்கோ."

அந்த இறக்கத்தில்தான் தொடங்கினேன், நான் பிறேக் விட்ட இடத்தில். கொஞ்சம் கொஞ்சமாக மற்றவர்களும் வந்தார்கள். அலவாங்கு, மண்வெட்டி, கடகம். தாங்கள் போட்டதை மட்டும்தான் எடுத்தார்கள், ஒரு பிடி கூடுதலாக இல்லை. அதில் அவர்களுக்கு ஒரு ரோசம். கிண்டக் கிண்டப் பழைய பள்ளங்கள் அப்படியே கிடந்தன. மதகடிப் பள்ளத்தை மட்டும் பூமணி அக்கா ஒருவரையும் தொட விடவில்லை. தானே தோண்டினார். நான் அந்தப் பக்கம் போகவில்லை.

உள்ளங்கையில் நாலு கொப்புளம். பேனை பிடிக்க வலிக்கிறது.

23, திங்கள்

மந்தாரம். ஜீப்பில் நான் பின்னுக்கு. முதல் மேட்டிலேயே இஞ்சினியரின் தொப்பி விழுந்தது. மதகடியில் முன் சில்லு இறங்கி, அவர் தலை மேல்கம்பியில் அடிபட்டது. வாயில் வந்ததை எழுத முடியாது.

"இதையோ, காணும், நல்ல நிலை எண்டு எழுதினீர்?"

"ஓம், ஐயா."

"உமக்குக் கண் தெரியுமோ? எழுதும். படு மோசம். முதலிடம்."

ஜீப்பின் மூக்கில் கடதாசியை வைத்து எழுதினேன். அதிலேயே கையெழுத்து வைத்தார்.

தோரணம் இல்லை, நிறைகுடம் இல்லை. சனம் வேலியோரம் சும்மா நின்றது. நான் அவர்கள் முகம் பார்க்காமல் பின்னுக்கு ஏறினேன். பூமணி அக்கா கிட்ட வந்தார். நன்றாகத் திட்டப் போகிறார் என்றுதான் நினைத்தேன்.

"தார் போட்டாப் பிறகும் ஞாயிற்றுக்கிழமையிலை ஓட வாங்கோ, ஐயா. ஆஸ்பத்திரிக்குப் போற கார் வந்தால் மட்டும் ஓரமா விலத்துங்கோ."