பக்கத்து சீட்டு பிரேக்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி எழுந்து, சௌக்கியமாக இருப்பாய் என்று நம்பிக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். இங்கே வீட்டுக்கு வெள்ளையடித்தாயிற்று, மாடிக் குழாய் இன்னும் ஒழுகுகிறது, என் முட்டிவலி என்னோடுதான் குடித்தனம் நடத்துகிறது. அப்பாவுக்குத் தலையில் ஆபரேஷன் செய்த தையல் நன்றாக ஆறிவிட்டது, முடிகூட வளர ஆரம்பித்துவிட்டது. போனில் சொல்லலாமே, எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் அப்பா பேச்சு வந்தாலே சரிம்மா வைக்கட்டுமா என்கிறாய், அதனால்தான். கடிதத்தை அப்படிப் பாதியில் வைக்க மாட்டாய் பார்.

நிரந்தர வேலையை விட்டுவிட்டுத் தோழியோடு சேர்ந்து கடை போடப் போகிறேன் என்று நீ சொன்ன அன்று, ஆஸ்பத்திரியிலிருந்து அப்போதுதான் வீடு வந்திருந்த மனிதர், "இனிமே எனக்குப் பொண்ணே கிடையாது" என்று கத்திவிட்டுப் போனை வைத்தார். இந்த ஆபரேஷனுக்குப் பிறகு கோபம் கட்டுக்கடங்காமல் வரும், வேண்டுமென்று பேசுவதில்லை, மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்று டாக்டர் முன்னாலேயே சொல்லியிருந்தார். அதையேதான் நான் உன்னிடமும் சொன்னேன், நீயும் சரி என்றாய். ஆனால் அதற்கப்புறம் ஒரு தடவைகூட அப்பாவிடம் கொடு என்று கேட்கவில்லை. போன் அடிக்கும்போதெல்லாம் அவர் டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கிறார்.

போன வாரம் செக்கப்புக்குப் போனோம். டாக்டர் அதே சமாதானத்தை மறுபடி சொன்னார். இவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "கோபம் வர்றதுக்கும் நான் வாயைத் தொறக்கறதுக்கும் நடுவுல கொஞ்சமாவது இடைவெளி இருக்குமா டாக்டர்" என்று கேட்டார். டாக்டர் யோசித்து, கண் சிமிட்டுகிற நேரம் இருக்கலாம், அதுவும் எப்போதும் இருக்கும் என்று சொல்ல முடியாது என்றார். அது போதும் என்று எழுந்துவிட்டார் இவர். எனக்குத் தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை. பஸ்ஸில் வரும்போதுதான் சொன்னார். இத்தனை வருஷம் அப்பா வேலை பார்த்த டிரைவிங் ஸ்கூல் காரில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து கற்றுக்கொடுப்பவர் காலடியிலும் ஒரு பிரேக் இருக்குமே, உனக்கும் அந்தக் காரில்தானே கற்றுக்கொடுத்தார். "ஸ்டியரிங் கத்துக்கறவங்க கையில இருந்தாலும் வண்டி இடிச்சா நான்தானே பதில் சொல்லணும், எனக்கும் ஒரு பிரேக் இருக்குல்ல" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை உன் ரேடியோ மாமா வந்தான். என் தம்பிதான், இருந்தாலும் சொல்கிறேன், அவனுக்கு வாயை மூடவே தெரியாது. வந்ததும் வராததுமாக, பொண்ணுக்கு ரொம்ப இடம் குடுத்துட்டீங்க அத்தான் என்று ஆரம்பித்தான். அப்பா முகம் சிவந்தது, தையலுக்குப் பக்கத்தில் நரம்பு புடைத்தது, தண்ணீர்ச் சொம்பை இறுக்கிப் பிடித்துவிட்டார். சரி, இன்றைக்கு இவன் மண்டை உடைந்தது என்று நான் சுவரோரம் ஒதுங்கினேன். அப்போதுதான் மேஜைக்குக் கீழே பார்த்தேன். விரலெல்லாம் வெளுத்துப்போகும் அளவுக்கு வலது காலைத் தரையில் அழுத்திக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகச் சொம்பைக் கீழே வைத்து, "நீ பேசிட்டிரு, நான் கொஞ்சம் வெளிய நின்னுட்டு வரேன்" என்று எழுந்து போனார். எனக்கு மேலெல்லாம் சிலிர்த்துவிட்டது. உடம்பு நன்றாக இருந்த காலத்திலேயே அவர் முன்கோபி என்பது ஊருக்கே தெரியும், ஒருநாளும் இப்படி எழுந்து போனதில்லை. இப்போது மண்டையைத் திறந்து மூடியாகிவிட்டது, சாக்குச் சொல்ல டாக்டரே அனுமதி கொடுத்தாகிவிட்டது, இதற்குப் பிறகு ஒரு மனிதர் புதிதாக அடங்கக் கற்றுக்கொள்கிறார் என்றால் அதை என்னவென்று சொல்வது, இவருக்குள் இப்படி ஒருவர் இருந்தது எனக்கே தெரியாமல் போயிற்றே.

தினமும் ஜெயிக்கிறார் என்று நினைத்துவிடாதே. நேற்று சாப்பாட்டுத் தட்டு பறந்தது, காரணம் கேட்டால் சிரிப்பாய், ஃபேன் சத்தம். நான் துடைப்பத்தை எடுத்தேன், விடவில்லை. நான்தானே வீசினேன் என்று அவரே கூட்டி அள்ளினார், குனியக்கூடாது என்று சொன்னதெல்லாம் காற்றோடு போயிற்று.

இந்தக் கடிதம் எழுதுவது அவருக்குத் தெரியும். முதலில் எழுதிய தாளில், அன்று பேசியது அப்பா இல்லை, நோய், மறந்துவிடு என்று எழுதியிருந்தேன். வாங்கிப் படித்துவிட்டு வேறு தாள் எடுத்துக் கொடுத்தார். "நோய் பேசுச்சுன்னு எழுதாத, நான் பேசினேன்னு எழுது. நான் பேசலேன்னு ஆயிட்டா அவ யாரை மன்னிப்பா" என்றார்.

அதனால் எழுதுகிறேன் கண்ணு, அன்று பேசியது உன் அப்பாதான். மன்னிப்பதும் மன்னிக்காததும் உன் இஷ்டம், நான் இதில் உன்னை வற்புறுத்தக் கூடாதாம். பேசியதற்குத்தான் வருத்தமாம், கடை விஷயத்தில் இன்னும் சம்மதமில்லையாம், அதையும் மறைக்காமல் எழுதச் சொன்னார். நீ தொட்டதெல்லாம் துலங்கட்டும், நூறு வருஷம் நன்றாக இரு. கண் எரிகிறது என்றாயே, தள்ளிப்போடாமல் போய்க் காட்டு. அடுத்த தடவை போன் செய்யும்போது யாரைக் கேட்பது என்று நீயே முடிவு செய்துகொள்.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா