கணப்பும் கட்டிலும்

செப்டம்பர் 9, செவ்வாய்

எரிவாயுக் கணப்பின் பீங்கான் கூழாங்கற்களை இன்று நானே துடைத்தேன். மொத்தம் பதினேழு. மென்மையான தூரிகை மட்டுமே, ஈரத்துணி கூடாது. ஒவ்வொன்றுக்கும் உரிய இடம் உண்டு. மாற்றி அடுக்கினால் சுடர் கல்லில் முட்டிக் கரி பிடிக்கும். இது என் கணவர் ரோலண்டின் வேலை. பக்கவாதம் வந்து அவர் பராமரிப்பு இல்லத்துக்குப் போய் மூன்று மாதமாகிறது. கல் அடுக்க ஆளில்லாததால்தான் அவரை நினைத்துக்கொண்டிருக்கிறேன் என்று வைத்துக்கொள்வோம்.

மாடி ஏற முடியாதவர். கீழ்த்தளத்தில் படுக்கை போட்டுக் கொடுத்தால் வீட்டுக்கு அனுப்பலாம் என்கிறார்கள். கீழே இருப்பதோ கணப்புள்ள இந்த முன்னறை ஒன்றுதான்.

செப்டம்பர் 12, வெள்ளி

கட்டில் வந்துவிட்டது. கணப்புக்கு நேர் எதிரே போட்டிருக்கிறேன். அதன் அழகைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

செப்டம்பர் 18, வியாழன்

கணப்புக்கு ஆண்டு சர்வீஸ். வழக்கமாக வரும் மெக்கானிக் லிண்ட்சி வந்தாள். நாற்பது வயதுக்காரி, எண்பத்தொரு வயதுக்காரியான என்னைக் 'கண்ணு' என்கிறாள். இந்தக் கெண்டல் ஊரில் எல்லாரும் எல்லாருக்கும் கண்ணுதான். நான் ஒருத்திதான் இன்னும் பழகிக்கொள்ளவில்லை.

கற்களை எடுத்துவிட்டு பர்னரின் தூசியை உறிஞ்சினாள். மேலே தேனடை போலிருந்து நச்சுவாயுவை முறிக்கும் வினையூக்கியை விளக்கடித்துப் பார்த்தாள். புகைபோக்கி இல்லாத கணப்பு. தான் விடும் மூச்சை அறைக்குள்ளேயே விடுவது. வினையூக்கியும் சுவரிலுள்ள காற்றுத் துளையும்தான் நமக்குக் காவல். அந்தத் துளையிலிருந்து ஒரு கம்பளிக் காலுறையை உருவினாள். குதிகாலில் நான் போட்ட தையல். குளிர்காற்று வருகிறதென்று ரோலண்ட் திணித்திருக்கிறார். போன குளிர்காலம் முழுக்க இருவருக்கும் தலைவலி; அதற்கு என் பேச்சே காரணம் என்று அவர் எல்லாரிடமும் சொல்லிவந்தார்.

பிறகுதான் கட்டிலைப் பார்த்தாள்.

"இதுல யாரு படுக்கப்போறாங்க, கண்ணு?"

சொன்னேன். இந்தக் கணப்பு இருக்கும் அறையில் யாரும் உறங்கக் கூடாது என்றாள். இரவில் ஏற்ற மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

"எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க. ஜனவரியில மனுஷன் நடுங்கினா நீங்களே ஏத்துவீங்க. அணைச்சு வெச்சா போதாது. கழட்டி, குழாயை மூடணும்."

முப்பது ஆண்டுகள் பெண்பிள்ளைகளுக்கு வேதியியல் கற்பித்தவள் நான். கார்பன் மோனாக்சைடு பற்றி எவரிடமும் வாதாடும் உரிமை எனக்கில்லை.

செப்டம்பர் 19, வெள்ளி

கையேட்டில் பதினோராம் பக்கம். உறங்கும் அறையில் கூடாது என்று தடித்த எழுத்தில் போட்டிருக்கிறது. பத்து ஆண்டுகளாக நான் படிக்காத பக்கம்.

செப்டம்பர் 23, செவ்வாய்

பேருந்தில் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். அவருக்குச் சொற்கள் மெல்லத் திரும்புகின்றன. ஒவ்வொன்றையும் தேடித் தூக்கிவர வேண்டியிருக்கிறது. இன்று வெகுநேரம் முயன்று சொன்னது:

"நெருப்புகிட்ட போய் உக்காரணும்."

மூன்று சொற்கள். ஐம்பத்திரண்டு ஆண்டு மணவாழ்க்கைக்குப் பின் மூன்றே சொற்கள் வாய்க்கும்போது, அவற்றில் நான் இல்லை.

கணப்பு போகப்போகிறது என்று சொல்லவில்லை. வரும் வழியெல்லாம் அதே யோசனை. இவர் ஏங்குவது வீட்டுக்கா, அந்தச் சுடருக்கா? சிறுவயதில் தினமும் காலையில் நிலக்கரிச் சாம்பல் அள்ளியவர். சாம்பல் இல்லாத நெருப்பு வேண்டுமென்று அவரே தேடி வாங்கியது இந்தக் கணப்பு.

அக்டோபர் 2, வியாழன்

கணப்பு போகுதுன்னு அவர்கிட்ட சொல்லிடவா? சொன்னப்புறம், "அப்ப இங்கயே இருக்கேன்"னுட்டா? இல்லத்துக் கூடத்துல பெரிய டிவி இருக்கு, வேளாவேளைக்கு புட்டிங் குடுக்கறாங்க. என்கிட்ட என்ன இருக்கு? சளசளப்பும் ஒரு இரும்புக் கட்டிலும்.

இதைப் படித்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது. லிண்ட்சிக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டேன்: கழற்றிவிடலாம்.

அக்டோபர் 14, செவ்வாய்

கழற்றியாயிற்று. குழாய்முனைக்குப் பித்தளை மூடி. கணப்பு இருந்த இடத்தில் சுவர்த்தாள் வெளிறாமல், வாங்கிய அன்றிருந்த பச்சை நிறத்திலேயே இருக்கிறது. புதிய ரேடியேட்டர் ஜன்னலடியில் கடமையைச் செய்கிறது. அதைப் பார்த்துக்கொண்டு யாரும் உட்கார மாட்டார்கள்.

அக்டோபர் 17, வெள்ளி

இரண்டு பேர் ரோலண்டைத் தூக்கிவந்து படுக்க வைத்துவிட்டுப் போனார்கள். அவர் வெகுநேரம் சுவரைப் பார்த்தார். பாதுகாப்பு விதியையும் காரணத்தையும் வகுப்பெடுப்பதுபோல் விளக்கினேன். முன்னமே சொல்லாததற்கு மட்டும் காரணம் சொல்லவில்லை. பிறகு தேநீரைக் கலக்கிக்கொண்டு, வழக்கமான நாற்காலியில், கணப்பு இருந்த வழக்கமான திசை பார்த்து உட்கார்ந்தேன்.

கால்மணி நேரம் போயிருக்கும்.

"எடித். அங்க ஒண்ணும் இல்லியே. இந்தப் பக்கம் திரும்பி உக்காரு."

நாற்காலியைத் திருப்பினேன். நல்ல கனம்.