களமருதூர் அக்காவுக்குப் பொருத்திய கால்

அக்கா,

உங்கள் கால் இப்போது என் மேஜைமேல் கிடக்கிறது. காலையில் உங்கள் மருமகள் அதை அரிசிப் பையில் சுற்றி எடுத்துக்கொண்டு, களமருதூரிலிருந்து பஸ் பிடித்து வந்தார். "அத்த தவறிப்போயி முப்பது நாளு ஆச்சுங்க சார். வேற யாருக்காச்சும் ஆவும்னு எடுத்தாந்தேன்" என்றார். வாங்கித் திருப்பிப் பார்த்தேன். பாதத்தின் அடியில் ஒரு கீறல்கூட இல்லை. ஒரு வருஷம் நடந்த கால் அப்படி இருக்காது. எனக்குச் சுருக்கென்றது.

நீங்கள் முதல் தடவை கள்ளக்குறிச்சிக்கு என் செயற்கைக் கால் பட்டறையைத் தேடி வந்தது நினைவிருக்கிறது. சர்க்கரை நோயில் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்திருந்தார்கள். கால் போட்டதும் எங்கே போவீர்கள் என்று கேட்டேன். கோயில், மகள் வீடு என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். நீங்கள், "எங்கியும் போவலீங்க சார். மருமவ நடவுக்குப் போயிட்டா வூட்டுல தண்ணி மொண்டு குடுக்க ஆளில்ல. நானே எழுந்துபோயி குடிச்சா போதும்" என்றீர்கள்.

பொருத்திப் பார்க்க வரும்போது செருப்போடு வர வேண்டும் என்பது என் சட்டம். செருப்பின் குதி உயரத்தைப் பார்த்துத்தான் காலுக்குச் சாய்வு வைப்போம். நீங்கள் குதி உயர்ந்த, வார் வைத்த செருப்போடு வந்தீர்கள். "இன்னாக்கா, கல்யாணப் பொண்ணு மாதிரி வந்திருக்கீங்க?" என்று கிண்டல் செய்தேன். வெட்கப்பட்டுப் புடவையை இழுத்து மூடினீர்கள். அந்தக் குதிக்கு அளந்து சாய்வு வைத்தேன். நடந்து பழக வைத்திருக்கும் இரண்டு பக்கக் கம்பியையும் பிடிக்காமல் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தீர்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

இரண்டு வாரத்தில் திரும்ப வந்தீர்கள். "வூட்டுல பின்னாடி தள்ளுது சார். மேடு ஏறுற மாதிரியே கீது." நடக்கச் சொன்னேன், நன்றாகத்தான் நடந்தீர்கள். பழகிவிடும் என்று அனுப்பினேன். அடுத்த மாதமும் வந்து அதையே சொன்னபோது எனக்கு எரிச்சல் வந்தது. வெளியே நாலு பேர் காத்திருந்தார்கள். சாய்வை மாற்றும் திருகாணியைக் கொஞ்சம் திருப்பினேன். நீங்கள் வேறு பக்கம் பார்த்தபோது பழைய இடத்துக்கே கொண்டுவந்துவிட்டேன். "இப்ப நடங்க" என்றேன். நாலடி வைத்து, "இப்ப பரவால்லீங்க சார்" என்றீர்கள். என் முகம் கோணக் கூடாதென்று சொன்னீர்கள். அது எனக்கு அப்போதே தெரியும். அதற்குப் பிறகு நீங்கள் வரவில்லை. நானும் ஒரு போன் போட்டு விசாரிக்கவில்லை.

இன்று உங்கள் மருமகள் கிளம்ப எழுந்தபோதுதான் அவர் காலைப் பார்த்தேன். நீங்கள் போட்டு வந்த அதே செருப்பு. ஏது என்று கேட்டேன்.

"இது என்னுதுங்க சார். நீங்க செருப்பு போட்டுக்கினு வரச் சொன்னீங்கன்னு இங்க வரும்போதெல்லாம் அத்த எங்கிட்ட வாங்கிப் போட்டுக்கினு வரும். அதுக்கு ஏது செருப்பு? வூட்டுல எப்பவும் வெறுங்காலுதான்."

குதி இல்லாமல் தரையில் ஊன்றினால் அந்தக் கால் பின்னால்தான் தள்ளும். நீங்கள் சொன்னது அத்தனையும் உண்மை. வீட்டில் செருப்பு போடுவீர்களா என்று ஒரு வார்த்தை நான் கேட்டிருக்கலாம். நானும்தான் என் வீட்டுக்குள் செருப்போடு நடந்ததில்லை.

"கடசி வரைக்கும் தரையிலயே நவுந்து நவுந்துதான் தண்ணிப் பானைகிட்ட போவும். சாரு நல்லாத்தான் செஞ்சி குடுத்தாரு, எனக்குத்தான் நடக்கத் தெரியலன்னு சொல்லிக்கினே இருக்கும்" என்றார்.

தப்பு என்னுடையது என்று அவரிடம் சொன்னேன். வெறுங்காலுக்கு ஏற்றபடி சாய்வை மாற்றியும் காட்டினேன். பத்து நிமிஷ வேலைதான். அவர் பார்த்துக்கொண்டே நின்றார்.

"அப்ப அத்த நடந்திருக்குமா சார்?"

"நடந்திருப்பாங்கம்மா."

பிற்பகல் வந்தவரிடம் முதலில் செருப்பைக் கழற்றிவிட்டு நடக்கச் சொன்னேன். இனி எல்லோரிடமும் சொல்வேன். அதனால் உங்களுக்கு ஒன்றும் ஆகப் போவதில்லை. உங்களுக்கு நடக்கத் தெரியும், அக்கா. இந்த அறையில் என் கண்ணால் பார்த்தேன். அதை உங்களிடம் சொல்லியிருக்கக் கூடியவன் நான் ஒருவன்தான்.