இடதுபக்கம் ஒதுங்கிய குண்டுகள்

மச்சான்,

போன ஞாயிற்றுக்கிழமை சில்வர் பீச்சுக்குப் போயிருந்தேன். நானாகப் போகவில்லை. ஊரிலிருந்து வந்த மாமனார் வீட்டுக் கூட்டம் இழுத்துக்கொண்டு போனது. பஜ்ஜிக் கடைகளைத் தாண்டி பலூன் சுடுகிற இடத்தில் மச்சினி நின்றுவிட்டாள். பலூன்காரர் என்னையும் ஒரு ஆளாக மதித்து ஒரு துப்பாக்கியைக் கையில் கொடுத்தார். வாங்கியதுமே தெரிந்துவிட்டது. பின்கட்டையில் நீல நிற இன்சுலேஷன் டேப், கடைசிச் சுற்று மட்டும் கோணல். நீ சுற்றியது. அதற்கு அடியிலிருந்து அந்த வாடை வேறு. போட் இன்ஜினுக்குப் போடுகிற கிரீஸ். துப்பாக்கிக்கு அதைப் போடாதே என்று உன்னிடம் எத்தனை தடவை தலைபாடாக அடித்துக்கொண்டிருப்பேன்.

"கொஞ்சம் எடதுபக்கம் இழுக்கும் சார், அட்ஜஸ்ட் பண்ணிச் சுடுங்க" என்றார் பலூன்காரர்.

எனக்கு வந்த கோபத்துக்கு அவர் என்ன செய்வார், பாவம். துப்பாக்கியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கண்ணில் மணல் விழுந்துவிட்டதாகச் சொல்லித் தண்ணீர்ப் பக்கம் நடந்தேன். மாமனார் வீட்டார் பின்னாலேயே துண்டை எடுத்துக்கொண்டு வந்தார்கள். ஒரு மனுஷனை நிம்மதியாக அழவிடாத ஊர் இது.

உன் மேல்தான் கோபம். செத்துப்போனவன் மேல் கோபப்படக் கூடாது என்று உன் பெண்டாட்டி ஸ்டெல்லா கூடச் சொல்லிவிட்டது. கூடாதுதான். ஆனால் நமக்குள் பாதிப் பேச்சு சண்டைதானே, இப்போது மட்டும் என்ன புதிதாக மரியாதை?

நெல்லிக்குப்பம் ரோட்டில் மூடிக்கிடந்த மரக்கடை ஷெட்டை வாடகைக்குப் பிடித்து ரைஃபிள் கிளப் ஆரம்பித்தபோதே அந்தச் சண்டையும் ஆரம்பித்தது. கையில் இருந்த பணத்துக்கு இங்கேயே செய்கிற, பேரலை மடக்கிக் குண்டு போடுகிற ஏர் ரைஃபிள் ஐந்து வாங்கலாம். இல்லாவிட்டால் போட்டிக்கென்றே செய்த, செகண்ட் ஹேண்ட் ஆனாலும் சுத்தமான ஜெர்மன் ரைஃபிள் ஒன்று வாங்கலாம். நான் ஒன்று என்றேன். நீ ஐந்து என்றாய்.

"ஒருத்தன் சுட, நாலு பேரு கைகட்டிகினு நிக்கறதுக்குப் பேரு கிளப்பா மச்சான்? கல்யாணத்துல வீடியோ எடுக்கறவனையே பாத்துகினு நிக்கற மாதிரி?"

"மட்டமான அஞ்சு வாங்கினா, குண்டு வெளிய போனா யாரைக் கேப்ப? ரைஃபிளையா உன்னையா? நல்லது ஒண்ணு இருந்தா தப்பு யாருதுன்னு ஒடனே தெரிஞ்சிடும்."

"தெரிஞ்சு இன்னா பண்ணப் போற? வுடு மச்சான்."

வாழ்க்கை முழுக்க நீ சொன்ன பதில் அதுதான். நான் சிப்காட்டில் ஒரு கம்பெனியின் லேபில் வேலை பார்க்கிறவன். தினமும் காலையில் எடைக்கல்லை வைத்துத் தராசைச் சோதித்த பிறகுதான் அடுத்த வேலை. கடுகளவு தப்பினாலும் எனக்குச் சாப்பாடு இறங்காது. நீ கடலூர் ஓல்ட் டவுனில் போட் இன்ஜின் ஸ்பேர் கடை வைத்திருந்தவன். இந்த இன்ஜினுக்கு அந்த இன்ஜின் வாஷரைப் போட்டு, நடுவில் சைக்கிள் டியூபை வெட்டி வைத்து, "போய்ட்டு வா தலைவா, ஒண்ணும் ஆவாது" என்று ஆளைக் கடலுக்கு அனுப்புகிறவன். அதுவும் போய்த் திரும்பி வரும். அதுதான் எனக்கு எரிச்சல்.

நாம் பழகியதே அட்ஜஸ்ட் என்கிற வார்த்தையில்தானே. சிதம்பரத்தில் காலேஜ் படித்தபோது சனிக்கிழமை பஸ்ஸில் இரண்டு பேர் சீட்டில் நானும் இன்னொருவரும் உட்கார்ந்திருந்தோம். பரங்கிப்பேட்டைப் பிரிவு வருவதற்குள் நீ வந்து, "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க" என்று இடுப்பை நுழைத்தாய். முடியாது என்று நான் சொல்லி முடிப்பதற்குள் உட்கார்ந்தே விட்டாய். ஆலப்பாக்கம் வந்தபோது என் பையிலிருந்த முறுக்கைத் தின்றுகொண்டிருந்தாய்.

கடைசியில் ஐந்துதான் வந்தது. ஞாயிற்றுக்கிழமை நீ மாதா கோயிலில் பூசை முடித்து நேராக ஷெட்டுக்கு வருவாய். உன்னைச் சுற்றி எப்போதும் ஒரு கும்பல். பேங்க்கில் வேலை பார்க்கிற ஒரு அம்மா, ஷிஃப்ட் முடிந்து தூக்கக் கலக்கத்தோடு வருகிற என் கம்பெனி ஆட்கள், எல்லாரும் சுட்டார்கள். ஐந்தும் ஐந்து தினுசு. ஒன்று மேலே தூக்கும், ஒன்று கீழே இறக்கும். இடதுபக்கம் இழுப்பதற்குக் கோணையன் என்று பெயர் வைத்தாய். காலையில் சரியாக இருந்து வெயில் ஏறியதும் முறைத்துக்கொள்வதற்கு மாப்பிள்ளை என்று பெயர். "அது கொணம் அப்பிடி மச்சான். அது எடதுல போச்சுன்னா நீ வலதுல பாரு. சண்டை போடாத" என்பாய். நீ அப்படித்தான் சுட்டாய். நடுப்புள்ளியைப் பார்க்காமல் எங்கேயோ பார்த்துச் சுட்டு நடுவில் விழவைப்பாய். கை தட்டுவார்கள். நானும் தட்டியிருக்கிறேன், வயிற்றெரிச்சலோடு.

பிறகு உன் குண்டுகள் இடதுபக்கம் ஒதுங்க ஆரம்பித்தன. கோணையனில் மட்டும் இல்லை, எல்லாவற்றிலும். முதலில் கொஞ்சம், பிறகு இன்னும் கொஞ்சம். நீ அதற்கு ஏற்ற மாதிரி வலதுபக்கம் தள்ளிக் குறி வைத்தாய். ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது என்றாய், பேரல் பூட்டு ஆடுகிறது என்றாய். அது பொய்யும் இல்லை, பூட்டு நிஜமாகவே ஆடியது. எங்கள் யார் கையிலும் அவை ஒழுங்காகச் சுட்டதில்லை, பிறகு உன் கையில் மட்டும் எது தப்பு என்று எப்படிச் சொல்ல?

சிதம்பரத்தில் கிளப்புகளுக்கு நடுவே போட்டி வைத்தார்கள், ஞாபகம் இருக்கும். நம் கூட்டத்திலேயே நன்றாகச் சுடுகிறவன் நீ, கடைசி இடத்துக்குப் போனாய். பெஞ்சில் உட்கார்ந்து ஷூ லேஸைக் கட்டிக்கொண்டே இருந்தாய். கட்டிமுடிக்க அவ்வளவு நேரம் ஆனதை அவமானம் என்று நினைத்துக்கொண்டேன். தலையைத் தூக்காமலே சொன்னாய்: "நீ சொன்னதுதான் மச்சான் சரி. ரைஃபிள் சரியில்ல. நல்லதா ஒண்ணு வாங்கிடலாம்."

நான் பட்ட சந்தோஷத்தை என்னவென்று சொல்ல! அத்தனை வருஷப் பழக்கத்தில் உன்னை ஒரே ஒரு வாதத்தில் ஜெயித்தது அன்றைக்குத்தான். திரும்புகிற வழியில் புதுச்சத்திரத்தில் பஸ் நின்றபோது இறங்கி ஓடி உனக்கு டீ வாங்கி வந்து கொடுத்தேன். பாதி டீ உன் இடது முழங்காலில் கொட்டியது. "ரோடு அப்பிடி" என்றாய். பஸ் நின்றுகொண்டிருந்தது, மச்சான்.

ஐந்தையும் பலூன்காரருக்குத் தள்ளிவிட்டோம். கிளப்பில் எல்லாரும் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு அந்த ஜெர்மன் ரைஃபிளை வாங்கினோம். நீலப் பெட்டியைத் திறந்தபோது பேங்க் அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். கன்னம் பதிகிற இடத்தை ஏற்றலாம், இறக்கலாம். பின்கட்டையை நீட்டலாம், குறுக்கலாம். "இத்தனை நாளா நாம ரைஃபிளுக்கு அட்ஜஸ்ட் பண்ணோம், இது நமக்கு அட்ஜஸ்ட் பண்ணுது பாரு" என்று சிரித்தாய். முதலில் என்னைச் சுடச் சொன்னாய். என் லட்சணம் உனக்குத் தெரியும். எனக்கே எல்லாக் குண்டும் ஒரு ரூபாய்க் காசுக்குள் விழுந்தன.

பிறகு நீ சுட்டாய். இடதுபக்கம், கீழே. மறுபடியும். இன்னும் இடதுபக்கம்.

நான் சிரித்தேன். "இப்ப யாரைச் சொல்லப் போற?" என்றேன். நீ மேஜை மேல் மணல்மூட்டை வைத்து, ரைஃபிளை அதில் அசையாமல் பதித்து, கை படாமல் விசையை மட்டும் தட்டித் தட்டிச் சுட்டாய். டார்கெட் பேப்பரை எடுத்து வந்து பார்த்தோம். எல்லாக் குண்டும் ஒரே ஓட்டை வழியாகப் போயிருந்தன. அந்தப் பேப்பரை வெளிச்சத்துக்குக் காட்டி, அந்த ஓட்டை வழியாகவே என்னைப் பார்த்தாய்.

"அப்ப நான்தான்டா மச்சான்" என்றாய்.

மறு வாரம் சிதம்பரத்தில் பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். மூளையில் வலதுபக்கம் கட்டி. அதனால்தான் இடதுபக்கம் எல்லாம் கைவிட்டுப் போகிறது என்றார் டாக்டர். எவ்வளவு நாளாக இப்படி என்று கேட்டார். நீ கொஞ்சம் கூச்சத்தோடு சொன்னாய்: "இருக்குது சார் கொஞ்ச நாளா. நான் அட்ஜஸ்ட் பண்ணிக்கினேன்." அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு உன்னைப் பார்த்தார். உன்னை ஸ்டெல்லாவோடு வெளியே அனுப்பிவிட்டு, முன்னாடியே வந்திருந்தால் என்று நான் இழுத்தேன். "இப்ப அதப் பேசி என்ன ஆகப் போகுது சார்?" என்றார். நல்ல மனுஷர். பொய் சொல்ல வாய் வரவில்லை அவருக்கு.

வராந்தாவில் ஸ்டெல்லா சொல்லிச் சொல்லி அழுதது. ஸ்கூட்டரின் இடதுபக்கக் கண்ணாடி இரண்டு தடவை உடைந்ததாம். கோயிலில் இடதுபக்கம் நின்றவரைப் பார்க்காமலே வந்துவிட்டாயாம். "சட்டை பட்டன என்னப் போடச் சொல்லுவாருண்ணா. இந்த வயசுல ஆசையா கேக்கறாருன்னு நெனச்சிட்டேண்ணா." இந்த வருஷம் கல்லறைத் திருநாளுக்கு மெழுகுவத்தி வைக்க வந்தபோது கூட அதே வார்த்தையைத்தான் சொன்னது. பட்டன், பட்டன் என்று.

நான் சொன்னது சரியாகத்தான் போயிற்று. முதலிலேயே நல்லது ஒன்று வாங்கியிருந்தால் முதல் குண்டு ஒதுங்கிய அன்றே தெரிந்திருக்கும். இதை எங்கே கொண்டுபோய் வைப்பேன்? யாரிடம் போய் ஜெயித்துவிட்டேன் என்று சொல்வேன்? லேபில் தராசு முன்னால் நிற்கும்போது கை கூசுகிறது. நேராக இருக்கிற எதைப் பார்த்தாலும் வெறுப்பாக இருக்கிறது. பஸ்ஸில் யாராவது அட்ஜஸ்ட் பண்ணிக்கச் சொன்னால் எழுந்து நின்றுவிடுகிறேன். எல்லாரும் சொல்கிறார்கள், நாளாக ஆகப் பழகிவிடும் என்று. உனக்கும் அப்படித்தானே எல்லாம் பழகிப் போயிற்று.

ஷெட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். ரைஃபிள் என் வீட்டு பீரோவில் இருக்கிறது. பேங்க் அம்மா போன் செய்து, அதை விற்றுவிட்டுப் பழையபடி சாதா ரைஃபிளாக நாலைந்து வாங்கிக் கிளப்பைத் திறக்கலாமா என்றார்கள். நீ இருந்திருந்தால் நான் ஒரு பக்கம் நின்றிருப்பேன். எந்தப் பக்கம் என்று இப்போது எனக்கே தெரியவில்லை. பார்க்கலாம்மா என்று சொல்லி வைத்துவிட்டேன். கன்னம் பதிகிற அந்தக் கட்டை நீ வைத்த உயரத்திலேயே இருக்கிறது. விற்றால் வாங்குகிறவன் முதல் வேலையாக அந்தத் திருகைத்தான் தளர்த்துவான்.

ஆனால் நான் உனக்கு எழுத உட்கார்ந்தது இதையெல்லாம் சொல்வதற்காக இல்லை.

உன் வீட்டில், நீ எழுந்திருக்க முடியாமல் போன பிறகு, ஒரு சாயங்காலம். மாதா கோயில் மணி அடித்து ஓய்ந்திருந்தது. ஸ்டெல்லா கஞ்சி எடுத்துவர உள்ளே போனது. நீ கேட்டாய்: "அஞ்சு வாங்குனது தப்புதான மச்சான்?"

என்னிடம் ஒரு பொய்யை யாரும் வாங்க முடியாது என்று கம்பெனியில் பேர். நான் சொன்னேன்: "இல்லடா. அஞ்சு இருந்ததாலதான் அத்தனை பேரு சுட்டாங்க. நீ சொன்னதுதான் சரி. நான்தான் வறட்டுப் பிடிவாதம் புடிச்சேன்."

உன் வாயின் வலதுபக்கம் மட்டும் சிரித்தது.

"டேய். நீயுமா அட்ஜஸ்ட் பண்ற?"

உன் இடது கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். ஸ்டெல்லா வந்து கஞ்சி கொடுத்து முடிக்கிற வரைக்கும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன். நான் பிடித்திருந்தது உனக்குத் தெரியவே இல்லை, மச்சான். அந்தக் கையின் கனம் எனக்கு இன்னும் மடியை விட்டு இறங்கவில்லை.